எந்த ‘செ.’?

என் செல்வு மாமா,

ஊருக்கெல்லாம் நீங்க செல்வராசு. எனக்கு எப்பவும் செல்வு மாமாதான். எட்டாவதோட நின்னவ எழுதறேன், தப்பு இருந்தா சிரிக்காதீங்க. நீங்க போயி நாலு மாசம் ஆச்சு. அழுது முடிச்சிட்டேன். இப்ப உங்க மேல கோவம்தான் இருக்கு.

நம்ம மலருக்கு நர்சிங் சீட்டு கிடைச்சிருக்கு. நல்ல சேதி அது ஒண்ணுதான்.

தாலுக்கா ஆபீசுல வாரிசு சான்றிதழ் கொடுத்தாங்க. என் பேரு மட்டும் இருக்கு. மலர் பேரு இல்லை. “பிறப்பு சர்டிபிகேட்டுல அப்பா பேரு செந்தில்னு இருக்கேம்மா”ன்னார் கிளார்க்கு. ரெண்டு வயசுலேர்ந்து வளர்த்தவரு இவருதான் சார்னேன். “வளர்த்தது வேற, தத்து வேற. தத்துப் பேப்பர் இருக்கா?” இல்லைன்னேன். இப்ப பண்ண முடியாதான்னு வெகுளியாக் கேட்டுட்டேன். வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. “செத்தவரு எப்படிம்மா தத்தெடுப்பாரு?”

உங்களுக்கு ஞாபகம் இருக்கா? என்னை விட்டுட்டு ஓடினவன் பேருக்கும் ‘செ.’, உங்க பேருக்கும் ‘செ.’ பள்ளிக்கூடத்துல சேர்த்த அன்னிக்கு எவ்வளவு சந்தோசம் உங்களுக்கு! “பாத்தியா புள்ள, இனிஷியலைக்கூட மாத்த வேணாம். எனக்குன்னே எழுதி வெச்ச எழுத்து”ன்னீங்க. நானும் சிரிச்சேன். அந்த எழுத்துதான் நம்மளக் கெடுத்துச்சு. வேற எழுத்தா இருந்திருந்தா அன்னிக்கே மாத்த ஓடியிருப்போம்.

வக்கீலம்மா அப்பவே சொன்னாங்க, செந்தில் சம்மதம்னு ஒரு கையெழுத்து போட்டா கோர்ட்டுல முடிச்சிடலாம்னு. நீங்க என்ன சொன்னீங்க? “என் புள்ளைய எனக்குக் குடுன்னு அவன் வாசல்ல போய் நிக்கணுமா? போடி.” தினம் வரிச்சிக்குடியிலேர்ந்து குட்டியானையில லோடு ஏத்திக்கிட்டு, வாஞ்சூர் தாண்டி, நாகூர்ல அவன் தெரு வழியாத்தானே போனீங்க? ஒரு நாள் வண்டிய நிறுத்தியிருக்கக் கூடாதா? உங்க ரோஷம் உங்களோட போயிருச்சு. அதுக்குப் பதில் சொல்றது உங்க பொண்ணு.

உங்க அண்ணன் கதையக் கேளுங்க. பதினாறாம் நாள் பேனர்ல ‘அன்பு மகள் செ. மலர்விழி’ன்னு அவர்தான் பெருசாப் போட்டாரு. விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ.கிட்ட, “அது தம்பி புள்ள இல்லீங்க”ன்னு சொன்னதும் அவர்தான். என்ன மாமா இப்படின்னு அவர்கிட்டயே கேட்டேன். “பேனர் ஊருக்கும்மா. கவர்மெண்டுக்கு உள்ளதைத்தானே சொல்லணும்”ங்கறாரு. பேனரை மலர் மடிச்சு பீரோவுல வெச்சிருக்கா. நீங்க அவளுக்கு அப்பான்னு அச்சுல இருக்கறது அது ஒண்ணுதான்.

“வீடு வாசல் எனக்கு வேணாம்மா, மகள்னு ஒரு வார்த்தை போடச் சொல்லு”ன்னு அழுவுறா. யாருகிட்டப் போய்ச் சொல்ல?

காலேஜ் பாரத்துல உங்க பேரை எழுதிக் கொடுத்தா, பிறப்பு சர்டிபிகேட்டுல உள்ளபடி எழுதுன்னு திருப்பிட்டாங்க. செந்தில்னு எழுதணுமாம். பக்கத்துல ஒரு கட்டம், ‘தந்தை உயிருடன் உள்ளாரா’ன்னு. அவன் நாகூர்ல நல்லாத்தான் இருக்கான். உங்க சட்டையைத் தலகாணியில சுத்திப் படுக்குற பொண்ணு, ‘ஆம்’னு எழுதணும்.

ஒண்ணு மட்டும் சத்தியமா சொல்றேன் மாமா. நாளைக்கு அவ வெள்ளைச் சட்டையில செ. மலர்விழின்னு பேட்ஜ் குத்துவா. அது எந்த ‘செ.’ன்னு யார் கேட்டாலும், கேக்காட்டியும், நான் சொல்லுவேன். என் வாய் இருக்கறவரைக்கும் சொல்லுவேன்.

ஆனா பாரத்தை நாளைக்கே கொடுத்தாகணும். பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு, “அம்மா, எனக்கு அப்பா இருக்காரா, இல்லையா?”ன்னு கேக்குறா. என்ன எழுதச் சொல்லட்டும் மாமா?

உங்க மகள் மலரோட அம்மா,
வசந்தா