சிவப்பில் வரும் ‘சும்மா’

என் அருமை வாயாடிக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டுவிட்டதா, வாய்க்கு ருசி தெரிகிறதா? ‘நலம்’ என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுத் தப்பிக்காதே. இங்கே நாங்கள் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

உன் மெயில்களுக்கென்றே ஒரு விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டும். நீ அந்த ஊருக்குப் போன புதிதில், எங்கள் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில், வந்து குவிகிற குப்பைக்குள் உன் மெயில் புதைந்துவிடக் கூடாதென்று ஒரு ஏற்பாடு செய்தேனே, தலைப்பில் நீ ‘அவசரம்’ என்று போட்டால் அந்த வரி மட்டும் சிவப்பாகத் தடித்துத் தெரியும்படி. மகாராணி அவசரமாக என்னென்ன கேட்டாய்? வெள்ளைச் சட்டையோடு ஊதாத் துண்டைத் துவைக்கலாமா. பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, என்ன செய்ய. பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள், நானும் சிரிக்கவா. ஒவ்வொரு தடவையும் பதறியடித்துக்கொண்டு திறந்து பார்ப்பேன், காத்திருக்கிற நோயாளிகள் தங்கள் பல்வலியை மறந்து என்னைப் பார்ப்பார்கள். ஆனால் இந்தக் காய்ச்சலுக்கு உன்னை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்க வைத்தார்களே, அந்த மெயிலுக்கு மட்டும் என்ன தலைப்பு? ‘சும்மா’. அது கறுப்பில் வந்து, பற்பசை விளம்பரத்துக்கும் பஞ்சு விலைப்பட்டியலுக்கும் நடுவில் கிடந்தது. நான் பார்ப்பதற்குள் நீ வீட்டுக்கே திரும்பிவிட்டாய். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேனடி.

மறுநாள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் வந்தார். அந்தச் சிவப்பை மாற்றிக் கொடுங்கள் என்றேன். எந்த வார்த்தைக்கு என்று கேட்டார். ‘சும்மா’, ‘ஒன்றுமில்லை’, ‘அப்புறம் சொல்கிறேன்’, இந்த மூன்றுக்கும் என்றேன். ஏம்மா, எல்லாரும் அவசரத்தைத்தானே சிவப்பாக்குவாங்க, நீங்க தலைகீழா கேக்குறீங்களே என்று சிரித்தார். என் பெண்ணைப் பெற்றது நீங்களா நானா என்றதும் செய்து கொடுத்தார். அதற்கப்புறம் உன் பெரியப்பா வேலை வெட்டி இல்லாமல் ‘சும்மா’ என்று அனுப்புகிற ஜோக்கெல்லாம் ரத்தச் சிவப்பில் வர ஆரம்பித்து, டாக்டரே மிரண்டுபோனார். பிறகு உன்னிடமிருந்து வருவதற்கு மட்டும் என்று குறுக்கிக்கொண்டோம்.

இந்த ஒளித்துவைக்கிற புத்தி உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதயத்தில் அடைப்பாம். வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம், புள்ள பயந்துடும் என்கிறார். இந்த மெயிலுக்கு நானும் முதலில் ‘சும்மா’ என்றுதான் அடித்தேன். பிறகு அழித்துவிட்டு ‘அவசரம்’ என்று போட்டேன். கவலைப்பட ஒன்றுமில்லை என்று இதய டாக்டர் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கிளம்பி வா.

லீவு கேட்கக் கூச்சப்படாதே, வெறும் வயிற்றில் பயணம் செய்யாதே. டிக்கெட் போட்டதும் எழுது. தலைப்பில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள், எந்த நிறத்தில் வந்தாலும் திறந்து பார்ப்பேன். ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இரு, என் கண்ணே.

உன் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா