டியூப் லைட் கீரை

சென்னை,
6.2.1984

அன்புள்ள நைனாவுக்கு,

மாதா கிருபையால் நலம். அம்மாவின் இருமல் நின்றதா?

இங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் ஜன்னலே இல்லாத அறையில் தண்டுக்கீரை வளர்க்கிறோம். டியூப் லைட்தான் சூரியன். மண் கிடையாது, உரம் கரைத்த தண்ணீர்தான். அந்தக் கீரையில் இரும்பு, சுண்ணாம்பு, உப்பு எவ்வளவு என்று அளந்து, வெயிலில் வளர்ந்ததோடு ஒப்பிட வேண்டும். அதற்கு நம் வீட்டுக் கீரையே போதும் என்கிறார் எங்கள் ஆராய்ச்சித் தலைவி மனோரமா மேடம். ஒரு கட்டு அனுப்புங்கள்.

இது சரியாக முடிந்தால் வேலை நிரந்தரமாகலாம். ஈஸ்டருக்குள் ஆகாவிட்டால் வேலையை விட்டு எண்ணூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாகச் சொன்னது நினைவிருக்கிறது.

உங்கள் மகள்,
செசிலியா

லைட்ஹவுஸ் குப்பம்,
12.2.1984

செல்ல மகளுக்கு நைனாவின் ஆசீர்வாதம்.

"டியூப் லைட்ல கீரையா? இன்னா கூத்துடி இது!" என்று அம்மா சிரிக்கிறாள். கீரைக்கட்டைப் பஸ் கண்டக்டர் வடிவேலுவிடம் கொடுத்தனுப்பினேன். பட்டணத்தில் நம் மானம் போகக்கூடாதென்று அம்மா ஏரியில் நன்றாக அலசித்தான் கட்டினாள். எண்ணூரிலிருந்து மறுபடி ஆள் வந்தது.

தேவதாஸ்

சென்னை,
20.2.1984

ஐயோ நைனா! நம் உப்பு ஏரித் தண்ணீரிலா?

அளந்தால், கீரையின் உப்பு கருவாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. "உங்க ஊர்ல கீரைக்கு உப்பே போட வேணாமா?" என்று மேடம் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கழுவாமல், வேர் மண்ணோடு இன்னொரு கட்டு வேண்டும். அம்மாவைத் திட்டாதீர்கள்.

செசிலியா

சென்னை,
9.4.1984

அன்புள்ள நைனாவுக்கு,

நீங்களே கீரையைத் தூக்கிக்கொண்டு வந்ததால் பிழைத்தேன். நாங்கள் தண்ணீரில் கலப்பதுதான் இலையில் ஏறுகிறது. அதனால் இரும்பு டியூப் லைட் கீரையில்தான் கூடுதல். சுண்ணாம்பில் அம்மா ஜெயித்தாள்.

மேடம் பாராட்டினார். ஆனால் நிரந்தரம் இல்லை, இன்னும் ஒரு வருடம் தற்காலிகம்தான். சொன்ன சொல் சொன்னதுதான். பெரிய வியாழனன்று பெட்டியோடு வருகிறேன். வருத்தமாகத்தான் இருக்கிறது நைனா.

செசிலியா

லைட்ஹவுஸ் குப்பம்,
12.4.1984

என் தங்கத்துக்கு,

இரும்பில் தோற்றதற்கு அம்மா மூஞ்சைத் தூக்கி வைத்திருக்கிறாள். வந்து சமாதானம் செய்.

பெட்டி வேண்டாம், ஒரு பை போதும். பண்டிகைச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை திரும்பிப் போ. நேற்று எண்ணூருக்குப் போய், இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

அன்று கீரையோடு வந்து வாசலில் நின்றேன். நீ வெள்ளைக் கோட்டு போட்டு எதையோ அளந்துகொண்டிருந்தாய். கூப்பிட்டது கூட உன் காதில் விழவில்லை. உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை மகளே.

நிரந்தரம் ஆகாவிட்டால் என்ன? எனக்குக் கடலில் யார் நிரந்தரம் போட்டுக் கொடுத்தார்கள்? நான் தினமும் போகவில்லையா?

உன் நைனா,
தேவதாஸ்