கிணற்றுத் தண்ணீர்ச் சிவப்பு

மார்ச் 4, 1957. திங்கள்

காற்றே இல்லை. பாம்பன் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கிறது. துணி காய நல்ல வெயில்.

மூன்று துணித் துண்டுகளும் கடுக்காய்ப் பாலில் இரண்டாம் முறை நனைந்தாயிற்று. ஆட்டுப்பால் நாற்றம் தலைமுடி வரை. அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டான்.

"வீடா இது, ஆட்டுக் கொட்டாயா?"

"ஒங் கல்யாணச் சேலைக்கும் இதே பால்தாண்டா ராசா" என்றாள் அம்மா. வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த வாரம் மதுரைக் கைத்தொழில் பயிற்சி நிலையத்திலிருந்து அதிகாரி அம்மாள் வருகிறார். கோயில் திருவிழாவில் அம்மா விற்ற மேசை விரிப்பின் சிவப்பைப் பார்த்து மயங்கிப்போனவர். அதே வேர்ச் சாயம், அதே சிவப்பு, ஆனால் அச்சு என் கையால். மூன்று மாதிரிகள். அவை தேறினால் எனக்கு மதுரையில் ஓராண்டுப் பயிற்சி, விடுதி, பிறகு வேலை. விடுதிக்கு அருகில் பெரிய நூலகம் உண்டாம். அதை மட்டும் நான்கு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

தேறாவிட்டால் தனுஷ்கோடி. பாஸ்கு, அதாவது ஈஸ்டர், கழிந்ததும் அத்தை மகன் அந்தோணிக்கும் எனக்கும் கல்யாணம். கருவாட்டு வியாபாரம், ஓட்டு வீடு. (இனி அ. என்றே எழுதுவேன். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.) என்னை அங்கே கொடுத்தால் அவர் தங்கை ரோசம்மாவை அண்ணனுக்குத் தருவார்கள். அத்தை வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள்: "எம் பொண்ணு இங்கன வரணும்னா ஒம் பொண்ணு அங்கன வரணும். ஒண்ணு மட்டும்னா எதுவும் வேணாம்."

ரோசம்மா நல்ல பெண். அண்ணன் அவள் பெயரைச் சொல்லும்போதே சிரிக்கிறான். யாரையும் வெறுக்க வழியில்லை. அதுதான் எரிச்சல்.

அம்மாவிடம் கேட்டேன், எனக்குத் தேறிவிட்டால் என்ன செய்வாய் என்று. அடுப்பை ஊதிக்கொண்டே: "தேறுனா போயிட்டு வா. நான் குறுக்க நிக்கல."

மார்ச் 6, புதன்

சாம்பல் புதன். எல்லார் நெற்றியிலும் சாம்பல். மீன் விற்க வந்தவளின் நெற்றிச் சாம்பல் வியர்வையில் வழிந்து மூக்கு வரை வந்திருந்தது. சிரிப்பை அடக்கினேன். தவக்காலம்.

மதியம் அச்சுப் போட்டேன். படிகாரக் கூழில் கொஞ்சம் காவி, போட்ட இடம் கண்ணுக்குத் தெரிவதற்கு. கட்டை நானே வரைந்து தச்சரிடம் வெட்டி வாங்கியது. தாழைமடல். ஓரங்களில் சின்னச் சிப்பி. படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் வேரின் சிவப்பு ஒட்டும், மற்ற இடம் வெளுத்துவிடும். இப்போது பார்க்க அழுக்குத் துணிதான். கொதித்து வந்தால்தான் முகம் தெரியும்.

முதல் துண்டில் ஓர் இடத்தில் கட்டை நழுவியது. மற்ற இரண்டும் சுத்தம். கை நடுங்கவில்லை. இதை எழுதிவைக்கிறேன், நடுங்கவில்லை.

அ. வந்து போனார். நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தார். துணியைக் குனிந்து பார்த்து, "அம்புட்டும் கையாலயா? கை வலிக்காது?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் மடியிலிருந்த நாவலைப் பார்த்து, "செபப் புத்தகமா?" என்றார். ஆமாம் என்றேன். தவக்காலத்தின் முதல் பொய்.

மார்ச் 9, சனி

அம்மா எனக்காக நல்ல தண்ணீர் வாங்கியிருக்கிறாள்!

தங்கச்சிமடத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும் தண்ணீர். எங்கள் வீட்டில் அது காப்பிக்கும் சோற்றுக்கும் மட்டும். குளிப்பது, துவைப்பது, சாயம் எல்லாம் பின்கட்டுக் கிணற்றில். கரிப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அச்சு என் வேலை, கொதிப்பு எப்போதும் அம்மா வேலை. இந்த முறை முழுக்க நானே செய்ய வேண்டும் என்பதால், எந்தத் தண்ணீர் என்று அவளைக் கேட்டேன்.

"பெரிய எடத்துக்குப் போற துணி ஆத்தா. உப்புத் தண்ணியிலயா போடுவாக?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தெளிந்த தண்ணீரில் தெளிந்த நிறம். படித்தவள் வேறு, காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

வண்டிக்காரர் நான்கு குடம் ஊற்றிவிட்டு, "என்ன வீட்டுல விசேசமா?" என்றார். "பிள்ளைக்குத்தான்" என்றாள் அம்மா. கண் கலங்கிவிட்டது எனக்கு. அவளைப் பற்றி முன்பு எழுதிய சில வரிகளை அடித்துவிட்டேன்.

மார்ச் 11, திங்கள்

சிவப்பு இல்லை.

காலையிலிருந்து கொதிப்பு. வேர்ப்பொடி முழுதும் போட்டேன், மணலில் வேர் தோண்டும் பெண்கள் இந்தப் பருவத்துக்குத் தந்த கடைசி மூட்டை. தண்ணீர் நிறம் மாறியது, துணியும் மாறியது. ஆனால் பழைய செங்கல் நிறம். வெயிலில் விரித்தால் அதுவும் வெளிறுகிறது. தாழைமடல் உலர்ந்த வாழைமட்டைபோல.

என்ன தவறு? படிகாரம் குறைவா. பால் புளித்ததா. வேர் பழசா. நெருப்பு அதிகமா. துணிக் கஞ்சி சரியாகப் போகவில்லையா.

அம்மா துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னமோ போ" என்றாள். சோறு போட்டாள். நிறையப் போட்டாள்.

மார்ச் 14, வியாழன்

அதிகாரி அம்மாள் ரயிலில் வந்தார். கதர்ச் சேலை, வெயிலுக்குக் குடை. மூன்று துண்டுகளையும் கட்டிலில் விரித்து நெடுநேரம் பார்த்தார்.

"அச்சு ரொம்ப சுத்தமா இருக்கும்மா. இந்தத் தாழைமடல் உன் கற்பனையா?"

"ஆமாம்மா."

"ஆனா இது சிவப்பு இல்லையே. உங்க அம்மா விரிப்புல இருந்த அந்தச் சிவப்பு எங்க?"

வேர் மோசம் என்று ஏதோ உளறினேன். வேர் கிடைத்ததும் மறுபடி செய்து தரட்டுமா என்றேன். அடுத்த வாரத்துக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும், வேறு ஊர்ப் பெண்கள் இருவர் காத்திருக்கிறார்கள் என்றார். என் தோளைத் தட்டினார். அன்பான மனுஷி. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா அவருக்கு நல்ல தண்ணீரில் காப்பி போட்டாள். ருசித்துக் குடித்தார்.

மார்ச் 23, சனி

கோயிலில் பாவசங்கீர்த்தனம். என் பாவங்கள்: பொய், சோம்பல், கோபம். சீக்கிரம் முடிந்தது. அம்மா வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். வரிசையில் பின்னால் ஒருத்தி, "அம்புட்டுப் பாவமா இந்தப் பொம்பளைக்கு, யாரையும் கொன்னு போட்டாளா?" என்று கிசுகிசுத்தாள். சிரித்தேன். அம்மா எழுந்து வந்தபோது முகம் கழுவினதுபோல் இருந்தது.

அத்தை வீட்டுக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினோம். அண்ணன் என்னிடம் நன்றி சொல்ல வந்து, சொல்லத் தெரியாமல் என் சைக்கிள் பெல்லைத் துடைத்துக் கொடுத்தான். தனுஷ்கோடி மணலில் சைக்கிள் போகாது.

இரவல் நாவலை முடிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 25, வியாழன்

பாஸ்கு ஞாயிறன்று கழிந்தது. நல்ல வெயில், லேசாகக் கடல்காற்று.

கல்யாணச் சேலைகளுக்குச் சாயம். ஒன்று ரோசம்மாவுக்கு, ஒன்று எனக்கு. அத்தை புது வேர் கொண்டுவந்து, கூடவே உட்கார்ந்திருந்தாள். அம்மாதான் கொதிப்பு. நான் விறகு தள்ளினேன். அத்தை நல்ல தண்ணீர்க் குடத்தைக் காட்டிக் கேட்டாள்:

"ஏன் மதினி, கல்யாணச் சேலைய இந்தக் கெணத்துத் தண்ணியிலயா போடுற? அதை ஊத்துனா என்ன?"

"அய்யய்யோ, வேணாம் மதினி. அதை ஊத்துனா சிவப்பே பிடிக்காது, மண்ணு நெறமாப் போயிரும். இந்தச் சுண்ணாம்புத் தண்ணிதான் வேருக்குச் சேரும். எங்க ஆத்தா நாள்லேருந்து அப்படித்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் இருப்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அண்டாவைக் கிண்டிய துடுப்பு நின்றது. பிறகு சுற்றியது.

அத்தை வெற்றிலை துப்பப் போனதும் கேட்டேன்.

"அன்னைக்கும் தெரியுமாம்மா?"

குனிந்து விறகை உள்ளே தள்ளினாள். கேட்டுக்கொண்டே நின்றேன்.

"நீ போயிட்டா ஒங்க அண்ணன் கதி? அவன் அந்தப் பிள்ளைய நெனைச்சே கெடந்தான். எனக்கு நீங்க ரெண்டு பேருந்தான்."

"போயிட்டு வான்னு சொன்னியே."

"தவக்காலத்துலயே சாமியார்ட்டச் சொல்லிட்டேன் ஆத்தா. மன்னிப்புக் கெடைச்சிருச்சு."

"என்கிட்டச் சொல்லலையே."

"ஒன்கிட்டச் சொன்னா நீ மன்னிச்சிருப்பியா?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அதற்குள் அவள், "தண்ணி வத்துது பாரு. கெணத்துல ரெண்டு வாளி எறைச்சிட்டு வா" என்றாள்.

நல்ல தண்ணீர்க் குடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரோசம்மாவின் சேலையும் அதே அண்டாவில் இருந்தது. கிணற்றுக்குப் போனேன். இரண்டு வாளி இறைத்து ஊற்றினேன்.

மாலையில் மணலில் விரித்தோம். அத்தை வாயில் கைவைத்து நின்றாள். அண்ணன் வேலியோரம் நின்று ரோசம்மாவின் சேலையையே பார்த்தான். என் சேலையின் முந்தியில் அந்தத் தாழைமடல், ஒரு நழுவல் இல்லாமல்.

அந்த அதிகாரி அம்மாள் கேட்ட சிவப்பு.