முட்டை அறையில் விட்டுப்போன சுருள்

சென்னை,
12.2.1983

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று வந்து சேர்ந்தோம். கேமராவைத் திரைப்படக் கல்லூரியில் ஒப்படைக்கும் அவசரத்தில், கடைசி நாள் எடுத்த இரண்டு படச்சுருள்களை நம் பண்ணை முட்டை அறையிலேயே விட்டுவிட்டோம். சூடு படக் கூடாதென்று, என்னோடு வந்து கேமரா பிடித்த நசுருல்லாதான் அங்கே வைத்தான். கறுப்பு டேப் சுற்றிய தட்டை டப்பாக்கள். முட்டை லாரி டிரைவர் கண்ணுசாமியிடம் கொடுத்தனுப்புங்கள். ஆத்தாயி அக்கா தலையில் பன்னிரண்டு முட்டை அட்டைகளோடு ஆடியது முழுக்க அதில்தான் இருக்கிறது. பழைய நாட்டியப் படங்களில்கூட அப்படி ஒரு சுழற்சியை நான் பார்த்ததில்லை.

அன்பு மகன்,
சண்முகவேல்

புதுச்சத்திரம்,
17.2.1983

அன்புள்ள சாமிக்கு,

டப்பாக்களைத் துணியில் கட்டி, வைக்கோல்மேல் வைத்துக் கண்ணுசாமியிடம் கொடுத்தேன். உன் படப்பிடிப்பால் மூன்று நாள் கோழிகள் சரியாக முட்டையிடவில்லை. பாட்டை அத்தனை சத்தமாக வைத்தால் மனிதர்களுக்கே தாங்காது. ஆத்தாயிக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை. "ஏனுங்கம்மா, என்ற படம் நாமக்கல் கொட்டாயில வருமுங்களா?" என்று தினமும் கேட்கிறாள். முதலில் முட்டையை அடுக்கு என்றேன்.

நசுருல்லா நல்ல பிள்ளை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். நீ வைக்கவில்லை.

உன் அம்மா,
சென்னியம்மாள்

சென்னை,
3.3.1983

அன்புள்ள அம்மாவுக்கு,

சுருள்களைக் கழுவிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. வெளிச்சம் பட்டு முழுக்கக் கெட்டுப்போயிற்று. டப்பாவில் அடைக்கும்போது நசுருல்லா கவனக்குறைவாக இருந்தான் என்கிறார் ஆசிரியர். இந்த வருடம் முழுக்க அவனுக்குக் கேமரா கிடையாதாம். அவனோ, "டேப் நான் சுத்துன மாதிரி இல்லடா, யாரோ பிரிச்சிருக்காங்க" என்கிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்டே ஆகவேண்டியிருக்கிறது. வீட்டில் யாராவது டப்பாவைத் திறந்தார்களா?

சண்முகவேல்

புதுச்சத்திரம்,
8.3.1983

சண்முகவேலுக்கு,

யாரும் திறக்கவில்லை. அடுத்தவர் பொருளைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் நம் வீட்டில் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சென்னியம்மாள்

புதுச்சத்திரம்,
20.9.1983

அன்புள்ள சாமிக்கு,

நேற்று சேலம் கடைவீதியில் அப்துல் கரீம் பாயின் ஜவுளிக்கடைக்குப் போனேன். உள்ளே துணி அளந்துகொண்டிருந்தவன் நசுருல்லா. படிப்பை விட்டுவிட்டு அப்பா கடைக்கே வந்து இரண்டு மாதம் ஆயிற்றாம். நீ எனக்கு எழுதவே இல்லை. "நல்லாருக்கீங்களாம்மா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். என்னால் உட்கார முடியவில்லை.

டப்பாவைத் திறந்தது நான்.

விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் நான் ஒரு முட்டையைக்கூட வெளியே அனுப்பியதில்லை, உனக்குத் தெரியும். அதே பழக்கத்தில் சன்னலோரம் நின்று கறுப்புக் காகிதத்தைப் பிரித்தேன். சுருளை இழுத்து இழுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஆத்தாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடினாளே, பார்க்கிறவர்கள் நம் பண்ணையைப் பற்றி என்ன பேசுவார்களோ என்ற பயமும் இருந்தது. எதுவும் தெரியவில்லை. பழையபடி சுற்றி ஒட்டினேன்.

அது தெரியாமல் செய்தது. நீ கேட்டபோது இல்லை என்று எழுதியது தெரிந்தே செய்தது. நான் படித்த கான்வென்டில் பொய் சொன்னவர்களை முழங்காலில் நிறுத்துவார்கள். பத்து வருடத்தில் நான் ஒருநாளும் நின்றதில்லை. உன்னிடம் அந்தப் பெயரை இழக்க மனமில்லாமல், ஊரார் பிள்ளையை நிறுத்திவிட்டேன்.

அம்மா

சென்னை,
27.9.1983

அம்மா,

நசுருல்லா அன்றைக்கே சொன்னான். "டேப்போட நுனிய உள்ள மடிச்சு ஒட்டியிருக்குடா. நமக்குக் குடுத்த முறுக்கு டின்னுக்கும் உங்கம்மா இப்படித்தான் ஒட்டியிருந்தாங்க" என்றான். விடுதியில் எல்லோர் முன்னாலும் உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். என் அம்மா பொய் எழுத மாட்டார், பொய்யன் நீதான் என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. கேமரா கொடுக்காததற்காக அவன் படிப்பை விடவில்லை, அம்மா.



சண்முகவேல்

புதுச்சத்திரம்,
5.10.1983

அன்புள்ள சாமிக்கு,

இன்று சேலம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கடையில் நான்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று தோன்றியது. ஆனால் நீ என் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் எல்லோர் முன்னால்தானே. காத்திருக்கவில்லை. கரீம் பாய் டீக்குச் சொல்லியனுப்பினார். நசுருல்லா துணியை மடித்துக்கொண்டே, "படம் போனா போவுதும்மா, இன்னொன்னு எடுத்துக்கலாம். என்னைப் பொய்யன்னு சொன்னான் பாருங்க, அதுக்கு நீங்க வந்து சொல்லி ஆவாது. அவன்தான் வந்து சொல்லணும்" என்றான்.

உங்கள் கல்லூரி முதல்வருக்கும் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் நான்கே வரி. ஆறு தாளைக் கிழித்தேன். ஆத்தாயியிடம் சொன்னபோது, "அதுக்கென்னுங்கம்மா, மறுக்கா ஆடிப்போடறேன். இந்தவாட்டி அட்டையில முட்டையும் வெச்சுக்கறனுங்" என்று சிரித்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது நசுருல்லா உனக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்தான். கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பஸ்ஸில் புதுச்சத்திரம் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தேன். இப்போது முட்டை அறையில் இருக்கிறது. கண்ணுசாமியிடம் கொடுத்தனுப்ப மாட்டேன்.

நீ வந்து பிரித்துக்கொள்.

உன் அம்மா