திருநெல்லி ஆன திருநெல்வேலி

அக்கா,

நேற்று உங்கள் தம்பி ஒரு பிளாப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். நாவலை மறுபடி அச்சிடப் போகிறார்களாம்; சென்னையிலிருந்து கோப்பைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். "நீதானே அவளுக்குக் கம்ப்யூட்டர் பாத்த. திறக்குதான்னு பாரு" என்றார். மேலே ஒட்டியிருந்த சீட்டில் நாவலின் பெயர் இல்லை. எந்த மென்பொருள், எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை என்று உங்கள் கையெழுத்தில் மூன்று வரிகள் மட்டும். மூன்றையும் போட்டேன், திறந்தது. எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு வாரம் ஒருவராவது பிளாப்பியோடு வருகிறார். எதில் அடித்தீர்கள் என்று கேட்டால் "தமிழ்லதான்" என்கிறார். திரையில் குப்பை வருகிறது.

நீங்கள் மென்பொருள் பார்க்க வந்த அன்று நான் படித்து முடித்த திமிரில் இருந்தேன். பாளையங்கோட்டைக் கோர்ட்டில் டைப்பிஸ்ட், கதை எழுதுவீர்கள் என்பது மட்டும் தெரியும். நாற்பது எழுத்துருக்கள் உள்ள ஒன்றைத் திறந்து, நிழல் விழும் எழுத்து, வளைந்த எழுத்து எல்லாம் காட்டினேன். ஆங்கிலத்தில் நாலு எழுத்தைத் தட்டி 'அம்மா' வரவைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. எங்கம்மாவக் கூப்பிட நான் எதுக்குலே இங்கிலீஷ் வழியா சுத்திப் போவணும்?"

பிறகு உட்கார்ந்து, தட்டச்சு விசைப்பலகையை வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாட்சி வாக்குமூலத்தை அடித்தீர்கள். உங்கள் விரல்கள் நின்ற பிறகும் திரையில் எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. ஒரு பிழை இல்லை.

"இதுல அடிச்சத வேற கம்ப்யூட்டர்ல திறக்கலாமா?"

"அதுலயும் இதே மென்பொருள் இருந்தா திறக்கலாம்."

"இல்லன்னா?"

"முடியாது."

"அப்ப எழுத்து எனக்கா, கம்பெனிக்கா?"

இரண்டே எழுத்துரு உள்ள, பார்க்க லட்சணமில்லாத ஒன்றை நீங்கள் எடுத்தீர்கள். சென்னைப் பதிப்பகத்தில் அதுதான் இருக்கிறதென்று முன்பே கார்டு போட்டுக் கேட்டு வைத்திருந்தீர்கள். கார்டு போடுவதை எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நாவல் முடிய ஒன்றரை வருடம் ஆனது. மாதக் கடைசிக்குள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த ஆண்டே வரும். தவறினால் அடுத்த ஆண்டு, அதுவும் நிச்சயமில்லை. பதினைந்து நாள் இருக்கும்போது என்னை வீட்டுக்குக் கூப்பிட்டீர்கள். நாவலில் வேலாயுதத்தின் கூட்டாளி ஒருவன், முப்பது வருடம் பம்பாயில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவன், கடைசி மூன்று அத்தியாயங்களில் "வாரும் வே", "சொல்லும் வே" என்று நம்மூர்க்காரர்கள் கூப்பிடுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தான்.

"அவன் வாயில இனி வே நிக்காதுலே. அத மட்டும் பைய எடுக்கணும்."

பைய எடுக்க எனக்கு ஏது பொறுமை? 'வே' வரும் இடத்திலெல்லாம் அதை அழித்துவிடு என்று கட்டளை கொடுத்தேன். எல்லாவற்றையுமா என்று அது கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். சேமித்தேன். பத்திரமாக இருக்கட்டுமென்று உங்கள் பிளாப்பியில் இருந்த பழைய நகலின் மேலேயே புதியதையும் ஏற்றினேன்.

நீங்கள் முதல் பக்கத்துக்குப் போய் வாசித்தீர்கள். "திருநெல்லி ஜங்ஷனில் லாயுதம் இறங்கியபோது..."

"ஏசப்பா! ஊரையே மாத்திட்டியேலே!"

'வேலை' வெறும் 'லை' ஆகியிருந்தது. வேண்டும், ண்டும். அந்த எழுத்துருவில் 'வோ' என்பது 'வே'யோடு ஒரு துணைக்கால் சேர்ந்தது. ஆகவே செய்வோம், போவோம் எல்லாம் உடைந்து வெறும் கால் நின்றது. லாயுதத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தீர்கள். நாலாம் அத்தியாயம், ஏழாம் அத்தியாயம் என்று போகப்போகச் சிரிப்பு நின்றது. எழுந்து அடுக்களைக்குப் போனீர்கள். திரையிலேயே நீங்கள் செய்த திருத்தங்கள் எதுவும் கைப்பிரதியில் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தீர்கள். "ண்டும்னா வேண்டும்தான? மெஷினுக்குச் சந்தேகமில்லாதத மெஷின் பாக்கட்டும், அது உன் பாடு. மிச்சத்த நான் பாக்கேன். மூஞ்சியத் தொங்கப் போடாத, குடி."

சொற்பட்டியல் போட்டு இரண்டு நாளில் ஒரு நிரல் எழுதினேன். ஊரும் வேலாயுதமும் திரும்பினார்கள். ஆனால் எந்தப் பேச்சின் முடிவில் வே இருந்தது என்று எந்த நிரலுக்கும் தெரியாது. நீங்கள் லீவு போட்டு, ஒவ்வொரு பேச்சையும் வாய்விட்டு வாசித்தீர்கள். கேட்டுக் கேட்டு எனக்குத் தாங்கவில்லை. "குத்துமதிப்பாப் போடுங்கக்கா" என்றேன்.

"நீ குத்துமதிப்பாப் பண்ணினதத்தானலே இப்பப் பாத்துக்கிட்டிருக்கோம்?"

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: "லாயுதம் போலீஸ்காரன்கிட்ட வே சொல்ல மாட்டான். பயந்தவன் வே போடமாட்டான், பாத்தியா? முன்னால இது எனக்குத் தெரியலையே." அழிந்த வேக்களில் பாதி திரும்பவே இல்லை. நாவல் முன்பைவிட நன்றாக வந்தது. என் தப்புக்குச் சமாதானமாக இதைச் சொல்லவில்லை. அந்தக் குப்பையிலும் காது கொடுத்துக் கேட்க உங்களால் முடிந்தது, என்னால் முடிந்திருக்காது.

அனுப்புவதற்கு முன் அச்செடுத்ததை நான் ஒருமுறை பார்த்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தில், விடுதி வாசலில் அப்பா விட்டுவிட்டுப் போகும்போது ஒரு சின்னப் பெண் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு "ண்டாம்" என்றாள்.

"அக்கா, இங்கன ஒண்ணு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல. விட்டிருக்கேன். ஏங்கி அழுத பிள்ளைக்கு முதல் எழுத்து எப்படிலே வரும்?"

பார்சல் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. புத்தகம் அந்த ஆண்டே வந்தது. முதல் பதிப்பில் அந்த ஒரு சொல்லுக்காக நீங்களே சென்னையோடு சண்டை போட்டீர்கள். நீங்கள் இறந்து மூன்று மாதமாகிறது, இனி யார் போடுவது? கோப்பைத் திறந்ததும் நேரே அந்தப் பக்கத்துக்குப் போனேன். ண்டாம் என்றுதான் இருக்கிறது. பிழை திருத்துகிறவர் கண்ணில் பட்டால் அரை நொடியில் சரிசெய்துவிடுவார். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதனால் பிளாப்பியோடு ஒரு கடிதம் வைக்கிறேன். "ஒன்பதாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் சொல்வது பிழையல்ல, தொடாதீர்கள்" என்று எழுதி முடித்தேன். அவ்வளவு போதும் என்றுதான் நினைத்தேன். பிறகு கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: "சந்தேகமிருந்தால் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்."