அளவுக்கு வெட்டிய ஒயர்

14 ஜூன் 2004, திங்கள்

எட்டாவது வீட்டு போர்டு முடிந்தது. நாலு மணிக்கு மெயினைப் போட்டேன். ஒரு எம்சிபி சுவிட்ச்கூட விழவில்லை. எல்லா அறையிலும் லைட் எரிந்தது, ஃபேன் ஓடியது. நாற்பது வீட்டில் எட்டு.

நாகப்பண்ணன் வந்து மூடியைத் திறந்தார். இவர்தான் இந்த சைட்டின் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்.

"இன்னாடா பிரசன்னா, காக்கா கூடு மாதிரி கீது."

"மூடி போட்டா யாருக்குணா தெரியும்? டெஸ்ட் பண்ணிப் பாரு."

"இது கம்பெனி ஆபீசருங்க குடியிருக்கப் போற வூடு. அவங்க இன்ஜினியரு தொறந்து பாப்பாரு. நாளைக்கு ஒரு பொண்ணு வருது, போர்டு வேலைக்கு. ஹார்னஸ் கம்பெனில லைன்ல இருந்த பொண்ணு."

காருக்கு ஒயர் கட்டுகிறவள் வீட்டுக்கு வந்து என்ன செய்வாள்? நான் மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் படித்தது எதற்கு? கேட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

15 ஜூன், செவ்வாய்

வந்தாள். பெயர் மாரிசெல்வி. கோவில்பட்டிப் பக்கம். என் வயதுதான் இருக்கும். சிங்கப்பெருமாள் கோவிலில் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். மூன்று வருஷம் லைனில் வேலை. கான்ட்ராக்ட் முடிந்ததென்று அனுப்பிவிட்டார்கள்.

வந்தவுடன் கேட்டது டெஸ்டர் இல்லை, கட்டர் இல்லை. ஒரு பிளைவுட் பலகையும் அரைக் கிலோ ஆணியும். ஸ்டோர் ஷெட்டில் உட்கார்ந்து பலகை மேல் போர்டை அதே அளவில் பென்சிலால் வரைந்தாள். ஒயர் எங்கெங்கே திரும்ப வேண்டுமோ அங்கெல்லாம் ஆணி அடித்தாள். ஒரு கட்டையில் பதினான்கு ஓட்டை போட்டு, ஒயரைச் சிக்கில்லாமல் வாருகிற சீப்பு என்றாள்.

ஒயர் இழுக்கிற யாக்கோபு கேட்டான்: "இன்னா தங்கச்சி, முறுக்கு புழியப் போறியா?"

"ஆமாண்ணே. வெந்ததும் உங்களுக்கும் ரெண்டு தாரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நாள் முழுக்க ஆணியிலேயே போய்விட்டது. ஒரு போர்டுகூட முடிக்கவில்லை.

18 ஜூன், வெள்ளி

ஒன்பதாவது வீடு. அவளுடைய முதல் போர்டு.

எப்படி எழுதுவது? பைப்பிலிருந்து இறங்கும் ஒயர்கள் எண்ணெய் தேய்த்து வாரிய தலைமுடி போல இறங்குகின்றன. ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் திரும்புகின்றன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூலையில் திரும்புவது மாதிரி. ஒயரைக் கட்டிய பிளாஸ்டிக் டையின் வால்கள் எல்லாம் ஒரே பக்கம், ஒட்ட நறுக்கியிருக்கிறது. ஒயரில் மாட்டிய நம்பர் எல்லாம் ஒரே திசை பார்க்கிறது. தலையைச் சாய்க்காமல் படிக்கலாம்.

யாக்கோபு வாயைத் திறந்துகொண்டு நின்றான். "சாமி படம் மாதிரி கீதுடா. மூடி போட மனசு வர்ல."

அதனால் என்ன? என் போர்டிலும் அதே இருநூற்று முப்பது வோல்ட்தான். கரண்ட்டுக்குக் கண் இருக்கிறதா?

வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதும்.

26 ஜூன், சனி

கம்பெனி இன்ஜினியர் இன்று போர்டு பார்க்க வந்தார். என்னுடைய எட்டில் இரண்டைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடினார். ஒன்றும் சொல்லாதது திட்டியதைவிட மோசம். அப்புறம் அவளுடையது. பையிலிருந்து டிஜிட்டல் கேமராவை எடுத்து மூன்று படம். ஒரு எலெக்ட்ரிக் போர்டை யாராவது படம் பிடிப்பார்களா?

போகும்போது நாகப்பண்ணனிடம் சொன்னார்: வல்லம் வடகாலில் அடுத்து நூற்றி இருபது வீடு வருகிறதாம். அதுவும் உங்களுக்கே தரலாம், ஆனால் எல்லா போர்டும் இப்படி வேண்டும் என்று.

அந்த சைட்டுக்கு இன்சார்ஜ் நான்தான் என்று நாகப்பண்ணன் பொங்கல் சமயத்திலேயே சொல்லியிருந்தார். டிராயிங் வாங்குவது, ஆள் வைப்பது எல்லாம் என் பொறுப்பு என்று. நினைவுபடுத்தினேன்.

"பாக்கலாம்டா."

பாக்கலாம்! ஆறு மாதமாக "நீதான்", இன்று "பாக்கலாம்". மூன்று படத்துக்கு இவ்வளவு விலையா?

3 ஜூலை, சனி

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கொட்டகையில் இருக்கும்போது, அவள் முடித்த பதினோராவது வீட்டில் போர்டைத் திறந்தேன். தப்பு கண்டுபிடிக்காமல் போவதில்லை என்றுதான் போனேன். கரண்ட் கசிவு பார்க்கிற மெக்கரை வைத்தேன். இன்சுலேஷன் சுத்தம். ஒவ்வொரு ஸ்குரூவும் இறுக்கம். எர்த் சரி. நியூட்ரல் சரி.

கடைசியில் கிடைத்தது. கட்டுக்குப் பின்னால், கண்ணில் படாமல், ஒவ்வொரு ஒயரிலும் ஒரு சாண் உபரி விட்டு மடித்து வைத்திருக்கிறாள். பதினான்கு ஒயர், ஒவ்வொன்றிலும் ஒரு சாண், நாற்பது வீடு. வேஸ்ட்! முன்னால் சாமி படம், பின்னால் குப்பை.

ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் சோறு ருசித்தது.

5 ஜூலை, திங்கள்

நாகப்பண்ணனை அழைத்துப் போய்க் காட்டினேன். ஒயர் என்றால் அவருக்கு உயிர். துண்டு ஒயரைக்கூடப் பொறுக்கி வைக்கிற ஆள்.

"இன்னாம்மா இது?"

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. பின்னால வேணும்."

"பின்னாலன்னா எப்போ? வூடு குடுத்துட்டா நம்ம வேலை முடிஞ்சிது. டிப்ளமா சொல்றான்ல, அளவா வெட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். "எங்க லைன்ல ஒரு அளவ மாத்தணும்னா தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, பலகைக்கு மேல தொங்கவிடுவாங்க. எழுதித் தாங்க, வெட்டுதேன்."

என்ன திமிர்! அங்கேயே ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்: "எல்லா ஒயரும் சரியான அளவுக்கு வெட்டவும். போர்டுக்குள் உபரி ஒயர் விடக் கூடாது." கீழே கையெழுத்து, தேதி. பெயருக்குப் பக்கத்தில் என் டிப்ளமாவையும் டி.இ.இ.இ. என்று போட்டேன். தெரியட்டும்.

அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். ஷெட்டுக்குப் போய்த் தன் பலகையின் மேல் ஆணியில் குத்தினாள்.

24 ஜூலை, சனி

நானும் ஒரு சீப்பு செய்துகொண்டேன். நாலு நாளில் கை பழகிவிட்டது. இப்போது ஒரு வீடு அவள், ஒரு வீடு நான். அளவுக்கு வெட்டினால் பின்னால் மடிக்க ஒன்றுமில்லை, கட்டு இன்னும் ஒல்லியாக வருகிறது. என்னுடையது அவளுடையதைவிடச் சுத்தம் என்றே சொல்வேன்.

யாக்கோபிடம் கேட்டேன். "ரெண்டும் நல்லா கீது. ஆனா ஒண்ணு சொல்லட்டா? அவ போர்டு பாத்தா, போட்டவ தூங்கி எழுந்து வந்து போட்ட மாதிரி கீது. உன்து, போட்டவன் பல்லக் கடிச்சிக்கினு போட்ட மாதிரி கீது."

போடா.

9 ஆகஸ்ட், திங்கள்

காலை எட்டு மணிக்கு இன்ஜினியர் ஆபீஸிலிருந்து புது டிராயிங் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் தனியாக ஒரு ஆர்சிசிபி வேண்டுமாம். ஷாக் அடித்தால் தானே விழுகிற சுவிட்ச். நல்ல விஷயம்தான். ஆனால் அதை வைக்க வேண்டுமென்றால் ஐந்து எம்சிபிகள் போர்டின் இடது கோடியிலிருந்து வலது கோடிக்குப் போக வேண்டும்.

ஒயர் எட்டாது.

என் பழைய எட்டு காக்கா கூட்டில் எட்டும். அங்கே ஒயர் கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. அவளுடைய முதல் பன்னிரண்டில் எட்டும். பின்னால் அந்த ஒரு சாண் இருக்கிறது. என் தாளுக்குப் பிறகு செய்த பதினெட்டு வீட்டில் எட்டாது. போர்டுக்குள் ஒட்டுப் போட இன்ஜினியர் விடமாட்டார். பதினெட்டு வீட்டிலும் பைப்பிலிருந்து பழைய ஒயரை உருவி, புதிதாக இழுக்க வேண்டும்.

எட்டேகாலுக்கு ஷெட்டில் யாரும் இல்லை. அவள் வருவது எட்டரைக்கு.

அந்தத் தாள் இப்போது இந்த நோட்டுக்குள் இருக்கிறது.

10 ஆகஸ்ட், செவ்வாய்

நாகப்பண்ணன் கத்திய கத்தலில் ரோட்டில் போகிறவன் நின்று பார்த்தான். என்னைப் பார்த்து இல்லை. அவளைப் பார்த்து.

"நீ வந்தப்புறம்தான் எல்லாம் அழகு அழகுன்னு ஒட்ட வெட்ட ஆரம்பிச்சீங்க! பதினெட்டு வூடு! இன்ஜினியருக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

"அண்ணாச்சி, நான் வேணும்னுதான சொன்னேன். எழுதிக் குடுத்தாங்க, அதத்தான் செஞ்சேன்."

"எங்க எழுதிக் குடுத்தாங்க? காட்டு."

நாகப்பண்ணனுக்கு ஞாபகம் இல்லாமலா இருக்கும்? வெட்டு என்று சொன்னதில் அவர் வாயும் உண்டு. அதுதான் அந்தச் சத்தம்.

அவள் ஷெட்டுக்குப் போனாள். ஆணியில் தாளின் ஒரு மூலை மட்டும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னையே பார்த்தாள். நான் டிராயிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஏதோ படிக்க இருப்பது போல.

"சரி அண்ணாச்சி" என்றாள். சீப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பலகையை விட்டுவிட்டாள்.

சாயங்காலம் நாகப்பண்ணன்: "வல்லம் சைட்ட நீயே பாத்துக்கடா."

11 ஆகஸ்ட், புதன்

இன்சார்ஜ். இன்சார்ஜ் பிரசன்னா. எழுதிப் பார்த்தேன்.

13 ஆகஸ்ட், வெள்ளி

ஒயர் எட்டுகிற வீடுகளை முதலில் மாற்றலாம் என்று ஒன்பதாவது வீட்டில் ஆரம்பித்தேன். அவளுடைய முதல் போர்டு.

பின்னாலிருந்த மடிப்பைத் தொட்டவுடன் தானாகப் பிரிந்தது. சிக்கு இல்லை. ஒயர் வலது கோடிக்குப் போய், நேராக எம்சிபியின் வாயில் உட்கார்ந்தது. ஐந்து எம்சிபி, நாற்பது நிமிஷம். முடித்து மூடும்போது முன்பு இருந்தது போலவே இருந்தது. மாற்றியதே தெரியவில்லை.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? பாலிடெக்னிக்கில் யாரும் சொல்லவில்லையா, சொன்னதை நான் கேட்கவில்லையா?

எரிச்சல் குறையும் என்று பார்த்தால் கூடித்தான் போகிறது. அவள் இங்கே இருந்தபோது அவளை ஜெயிக்க முடியும் என்றாவது நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யாரை ஜெயிக்க? காலி ஷெட்டையா? நான் ஜெயிக்கவில்லை. திருடினேன். ஒரு தாளைத் திருடினேன், அவ்வளவுதான் நான் செய்த வேலை.

14 ஆகஸ்ட், சனி

தாளை நாகப்பண்ணன் கையில் கொடுத்தேன். அவர் படித்தார். டி.இ.இ.இ. வரைக்கும் சத்தமாகப் படித்தார். யாக்கோபு பக்கத்தில்தான் இருந்தான்.

"இத இன்னாத்துக்குடா இப்ப காட்ற? கிழிச்சுப் போட்டுட்டு வல்லத்துக்குப் போயிருக்கலாம்ல?"

"போயிருக்கலாம்ணா."

"லூசாடா நீ?"

"தெர்லணா. அங்க நூத்தியிருபது போர்டு. நான் போட்டா பல்லக் கடிச்சிக்கினு போடுவேன். அவளக் கூட்டாந்து இன்சார்ஜ் போடு."

யாக்கோபு சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

நாகப்பண்ணன் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான்கூடத்தான் வெட்டுன்னேன்" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "நீயே போய்க் கூப்பிடு. நான் போனா நல்லா இருக்காது."

15 ஆகஸ்ட், ஞாயிறு

ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில். ஹாஸ்டல் கேட்டில் அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஈரக் கையோடு வந்தாள்.

"தாள நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"தெரியும். நீங்க டிராயிங்க தலகீழாப் பிடிச்சிட்டு நின்னீங்க."

"சாரி."

"சாரிய வச்சு நான் என்ன செய்ய? வேற எடத்துல கேட்டுட்டேன், நாளைக்கு வரச் சொல்லிருக்காங்க." கையைப் பாவாடையில் துடைத்தாள். "வல்லத்துல இன்சார்ஜ் யாரு?"

"நீ."

"நாகப்பன் அண்ணாச்சி சொன்னாரா, நீங்க சொல்லுதீங்களா?"

"ரெண்டு பேரும்."

உள்ளே யாரோ பக்கெட் கேட்டுக் கத்தினார்கள், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்பம் வாரேன். அந்தப் பதினெட்டு வீட்டுல பழைய ஒயர உருவுறது நீங்க. யாக்கோபு அண்ணன் கெடையாது. நீங்க."

சரி என்றேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் என் மேலும் கோபம், அவள் மேலும் கோபம். அவள் மேல் எதற்கு?

30 ஆகஸ்ட், திங்கள்

ஏழு வீடு உருவியாயிற்று. உள்ளங்கையில் தோல் இல்லை. இன்னும் பதினொன்று.

24 நவம்பர் 2004, புதன்

வல்லம் வடகால். மழை விட்டிருக்கிறது. சைட்டைச் சுற்றி முழங்கால் ஆழத் தண்ணீர். இன்ஜினியர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். மாரிசெல்வி டிராயிங்கோடு முன்னால், நான் டூல் பையோடு பின்னால்.

இருபத்தாறாவது வீட்டில் போர்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். விரலை ஒயரின் வளைவு மேல் வைத்துத் தடவிப் பார்த்தார். "பாத்தவுடனே தெரியுதே, மாரிசெல்வி கைன்னு. இதுவரைக்கும் நீ போட்டதுலயே இதான் பெஸ்ட்மா."

அது நான் போட்டது. மூன்று நாள்.

"நான் போடல சார். பிரசன்னா போட்டாரு."

"இன்சார்ஜ் ஆனா பசங்கள விட்டுக்குடுக்காமத்தான் பேசணும், சரி சரி" என்று சிரித்துக்கொண்டே படம் எடுத்தார். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் டெஸ்டரை விட்டுவிட்டேன் என்று திரும்பிப் போனேன். மாரிசெல்வி அங்கே நின்றிருந்தாள், போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒரு ஒயரைப் பின்னாலிருந்து லேசாக இழுத்தாள். ஒரு சாண் வந்தது. விட்டாள், உள்ளே போனது. என்னைப் பார்த்ததும் மூடியை மூடினாள், கொஞ்சம் வேகமாக.

"இந்த வளைவு எல்லாம் ஒண்ணு போல வந்துருக்கே. எதுல வச்சு எடுத்தீங்க?"

என்னைப் பார்க்காமல், ஸ்குரூவை இறுக்கிக்கொண்டே கேட்டாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"சும்மா, கையாலதான்."

பொய். வீட்டிலிருந்து கொண்டுபோன காபி டம்ளர் மேல் வைத்து வளைத்து எடுத்தது. டூல் பைக்கு அடியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். சொல்ல மாட்டேன்.