அரைத்தலைச் சாட்சி

இத்தால் திருகோணமலை நகரவாசிகள் அனைவருக்கும் மிகுந்த பெருமையுடன் அறியத்தருவது என்னவென்றால், இன்று காலை ஏழரை மணியளவில், எங்கள் வீட்டுக் கிணற்றடியில், ஒரு துண்டுக் கண்ணாடியின் முன்னிலையில், எனது மீசை முதன்முறையாக மழிக்கப்பட்டது. சேத விபரம்: மேலுதட்டில் ஒரு வெட்டு, நாடியில் ஒரு வெட்டு. நிலைமை கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டுள்ளதாக வீட்டு வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. வதந்திகளை நம்ப வேண்டாம்.

அண்ணை, நிலைமையைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது உங்கள் படிகாரக் கட்டிதான். செத்தவீட்டு அலுவலெல்லாம் முடிந்து உங்கள் மனைவி சலூனை ஒதுக்கியபோது, அதை ஒரு பேப்பர்த் துண்டில் சுற்றி என்னிடம் தந்தா. உங்கள் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் குழிந்திருக்கிறது. ஈரத்தில் நனைத்து வெட்டில் வைத்தேன். சுள்ளென்றது. சுற்றியிருந்த பேப்பரில் உங்கள் கடைப் பவுடர் வாசம் இன்னும் போகவில்லை. கண்ணீர் வந்தது. எரிவால்தான். வேறு காரணம் என்று யாராவது சொன்னால் அதுவும் வதந்தி.

நீங்கள் போய் எட்டு மாதம். ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். உங்கள் செருப்பு மட்டும் திரும்பி வந்தது.

சந்தைப் பக்கத்து உங்கள் சலூனில் இரண்டு கதிரைகள். ஒன்று சுற்றும். மற்றது சுற்றாது, ஆனால் அதில் இருப்பவருக்குத் தலை சுற்றும், ஏனென்றால் அதற்கு நேர் மேலேதான் வானொலிப் பெட்டி அலறும். சுவரோரப் பலகை வாங்கில் காத்திருப்பவர் அன்றைய பேப்பரைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது கடைச் சட்டம். கேட்பவர்கள் கதைக்கலாம், சண்டை பிடிக்கலாம், அரசாங்கத்தையே கவிழ்க்கலாம். கதிரையில் இருப்பவர் மட்டும் தலையாட்டக் கூடாது.

"ஓமெண்டு ஆட்டினா ஒரு காது போகும். இல்லையெண்டு ஆட்டினா ரெண்டும் போகும்" என்பீர்கள்.

சந்தையில் திரியும் மான் ஒன்று ஒருநாள் படியேறி வந்து பேப்பரின் முன்பக்கத்தைத் தின்றுவிட்டுப் போனது. "பாவம், இண்டைக்கு அதுக்கு நித்திரை வராது" என்றீர்கள்.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பதினைந்து வயது. வலது பக்கம் வெட்டி முடிந்திருந்தது. இடது பக்கம் தொடங்குவதற்காகக் கத்தரிக்கோலைத் தட்டினீர்கள். அந்த நேரத்தில்தான் சத்தம் கேட்டது. முதலில் கண்ணாடியில் நான் இரண்டாகத் தெரிந்தேன்; கண்ணாடி வெடித்துவிட்டது என்று பிறகுதான் விளங்கியது. பவுடர் டின் கவிழ்ந்து கடை முழுக்க வெள்ளையாய்ப் பறந்தது. உங்கள் கை என் பிடரியை அமத்தி என்னைக் கதிரையோடு குனிய வைத்திருந்தது. உங்கள் உடம்பு என் முதுகின் மேல் இருந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

நீங்கள் கையை எடுத்ததும் நான் எழும்பி ஓடினேன்.

"டேய் குழப்படி! போகாத! நில்லடா!"

கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு சந்திவரை ஓடினேன். பஸ் நிலையப் பக்கம் புகை. ஆட்கள் எனக்கு எதிரே ஓடிவந்தார்கள். ஒரு அம்மா, ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு, யாருடையதோ ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தா. தார் ரோட்டில் ஒரு சோற்றுப் பார்சல் பிரிந்து கிடந்தது. அதற்குள் ஆமிக்காரர் ரோட்டை அடைத்துவிட்டார்கள். நான் கண்டது அவ்வளவுதான். இந்த இடத்தில் நான் பகிடி விடமாட்டேன்.

அன்று பின்னேரமே கடைகளெல்லாம் பூட்டு. மறுநாள் ஹர்த்தால். ஒரு வானொலி சொன்ன செத்தவர் தொகையை இன்னொரு வானொலி குறைத்தது. பேப்பர் வரவில்லை என்பதால் எங்கள் ஒழுங்கை தானே பேப்பராகிவிட்டது. ஆளுக்கொரு குண்டு வைத்தவனை வைத்திருந்தார்கள். ஒருவர் வெள்ளை வான் என்றார். இன்னொருவர் பர்தா போட்ட ஆம்பிளை என்றார். மூன்றாமவர், தனக்கு எல்லாம் தெரியும், ஆனால் சொல்ல ஏலாது என்றார். அவருக்குத்தான் கூட்டம் கூடியது.

ஞாயிறு பின்னேரம் கொழும்பிலிருந்து ஒரு வானில் பத்திரிகைக்காரர் வந்தார். அரைத்தலையை மறைக்கத் தொப்பி போட்டுக்கொண்டு மதகில் இருந்த என்னிடம் கேட்டார்:

"தம்பி, சம்பவம் நடக்கேக்க எங்க நிண்டனீர்?"

"பக்கத்திலதான்."

"எதையும் கண்டனீரோ?"

இல்லை என்றால் அவர் அடுத்த பொடியனிடம் போய்விடுவார். அவன் ஏற்கெனவே வாயைத் திறந்து வைத்திருந்தான்.

"ஓம். ஒரு சைக்கிள். பின்னால நீலப் பெட்டி."

"பெட்டியை வைச்சிட்டு அந்தாள் வேகமாப் போனவரோ?"

தலையாட்டினேன்.

"கிண்ணியா ரோட்டுப் பக்கமோ?"

தலையாட்டினேன். அங்கே கதிரையும் இல்லை, கத்தியும் இல்லை. கேட்டவர் சந்தோஷப்படும் பக்கமெல்லாம் என் தலை தாராளமாக ஆடியது. முடி வெட்டின பக்கமாக நிற்கவைத்துப் படமும் எடுத்தார்கள்.

எனக்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது; மனதில் முதலில் வந்த பெட்டியைச் சொன்னேன். அது ஹனிபா நானாவின் மீன்பெட்டி. ஒவ்வொரு காலையும் முஸ்லிம் ஊரான கிண்ணியாவின் துறையில் ஆற்றைக் கடந்து, சைக்கிள் மிதித்து வந்து, உங்கள் சலூன் இறவாரத்துக்குக் கீழே அந்தப் பெட்டியோடு சைக்கிளை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார். தினமும் கண்ட பெட்டி. சொல்லும்போது, அது ஒரு ஆளுடைய பெட்டி என்று மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் ஓடியது. முந்தின நாள் பேப்பர் வந்து சேர்ந்தது. 'நேரில் கண்ட மாணவன்' என்று கால் பக்கத்தில் என் படம். நீங்களும் கடை திறந்திருந்தீர்கள். கண்ணாடியில் பாதிதான் மிச்சம். நான் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, கலியாண மாப்பிள்ளை மாதிரி வாங்கில் வந்து இருந்தேன். யாரோ எனக்குப் பணிஸ் வாங்கித் தந்தார்கள். வாங்கில் இருந்தவர் வாசிக்கத் தொடங்கினார். நான் சொன்ன பெட்டிக்குள் இப்போது வயர் இருந்தது. நான் சொன்ன ஆளுக்கு இப்போது தாடி இருந்தது. நான் சொல்லாத பொய்யெல்லாம் என் வாயால் வந்திருந்தது.

"அப்ப அந்த மீன்காரன்தான்" என்றார் ஒருவர். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்."

போன கிழமை அதே பெட்டியில் சூடை மீன் வாங்கி, நல்ல ருசி என்று உங்களிடம் சொன்ன அதே ஆள். நீங்கள் சவரக்கத்தியைத் தோலில் தீட்டிக்கொண்டே இருந்தீர்கள், தேவைக்கு மேலாக.

அப்போதுதான் ஹனிபா நானாவின் மனைவி படியில் வந்து நின்று உங்களைப் பார்த்தா. முக்காட்டு நுனி வாயில் இருந்தது.

"தம்பி, நேத்து துறையில வெச்சு எங்கட மனிசனப் பொலிஸ் கொண்டு போயிட்டு. சைக்கிளும் இல்ல, பொட்டியும் இல்ல. பேப்பர்ல வந்திருக்காம். அந்தப் பொட்டிக்குள்ள மீனத் தவிர என்ன தம்பி இருக்கும்? நீங்க தினமும் காணுறதானே?"

"இருங்கோ ராத்தா" என்றீர்கள்.

வாங்கு ஒவ்வொருவராகக் காலியாகியது. சந்தேகப்பட்டவருக்கு அவசரமாக ஏதோ அலுவல் வந்தது. நான் மட்டும் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன். என் படத்துக்குப் பின்னாலேயே நான் ஒளித்திருந்தேன். உடைந்த கண்ணாடியில் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"குழப்படி. குண்டு வெடிக்கேக்க நீ எங்கயடா இருந்தனி?"

பேப்பரை இன்னும் மேலே உயர்த்தினேன். நீங்கள் கிட்ட வந்து என் தொப்பியைக் கழற்றினீர்கள். ஒரு பக்கம் ஒட்ட வெட்டியது, மறுபக்கம் காடு. ராத்தா ஒன்றும் விளங்காமல் பார்த்தா.

"வெட்டி விடுங்கோ அண்ணை" என்றேன், மெல்ல.

"வெட்டமாட்டன். இப்ப உன்ர தலையில ஒரு மயிரும் விழக்கூடாது. அதுதான் சாட்சி. வா."

கடையைப் பூட்டினீர்கள். அந்த நாளில் எங்கள் ஆட்கள் தாங்களாக நடந்து பொலிசுக்குள் போவதில்லை. போனவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். பூட்டின திறப்பை ராத்தாவின் கையில் கொடுத்து, "நான் வரப் பிந்தினா எங்கட வீட்டில குடுங்கோ" என்றீர்கள். அந்தத் திறப்புக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ராத்தாவுக்கு விளங்கியது. அதை இரண்டு கையாலும் வாங்கினா.

அங்கே நடந்ததை இந்த நகரமே அறியும், ஏனென்றால் நகரம் முழுக்க நானே சொல்லியிருக்கிறேன். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெரிய ஐயாவின் மேசைக்கு முன்னால் போனேன். "நான் சொன்னது பொய். நான் அந்த நேரம் சலூன் கதிரையில் இருந்தேன். இதோ என் தலை!" என்று முழங்கினேன். பொலிஸ் நிலையம் அதிர்ந்தது. நீதி தழைத்தது.

தழைத்தது மெல்லத்தான். உங்களை அடுத்த நாள் மத்தியானம் வரை வைத்திருந்தார்கள். என்னை அப்பா வந்து காதைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஹனிபா நானாவை வியாழக்கிழமை விட்டார்கள். எனக்குப் பொறுப்பு நின்றதற்காக நீங்கள் எத்தனையோ திங்கட்கிழமைகள் அங்கே போய்க் கையெழுத்து வைத்தீர்கள். திங்கள் காலையில் கடைக்கு வருபவர்களிடம் "பொலிஸ் மாத்தையாமாருக்குத் தலை வெட்டப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். ஒருமுறைகூட என் பெயரைச் சொல்லவில்லை.

பத்திரிகைக்கும் கடிதம் எழுத வைத்தீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் பொய்க்குக் கால் பக்கம் கொடுத்தவர்கள் உண்மைக்கு மூன்று வரி கொடுத்தார்கள், அதுவும் தொலைந்துபோன அடையாள அட்டை விளம்பரத்துக்குக் கீழே. நீங்கள் அதை வெட்டி, மிச்சக் கண்ணாடியில் ஒட்டினீர்கள். வாங்கில் இருப்பவர் அன்றைய பேப்பரை எடுக்க முன் அதை முதலில் வாசிக்க வேண்டும் என்றும் சட்டம் போட்டீர்கள். சந்தேகப்பட்டவர் வந்த அன்று அவரை இரண்டு தரம் வாசிக்க வைத்தீர்கள், மூக்குக்கண்ணாடி இல்லாமல் வந்தேன் என்று அவர் சொல்லியும்.

விட்ட அடுத்த நாளே ஹனிபா நானா சலூனுக்கு வந்தார். ஒரு கண் வீங்கியிருந்தது. நான் கதிரையில் இருந்தேன். மறுபாதித் தலை அன்றைக்குத்தான் வெட்டுப்பட்டது. எனக்கு அவரைப் பார்க்க ஏலவில்லை. அவர்தான் கதைத்தார்.

"மகன், இன்னொருக்கா ஆரும் கேட்டா யானையில வந்தானெண்டு சொல்லுங்க. எங்கட ஊட்டுல அது இல்ல."

நீங்கள் சிரித்த சிரிப்பில் கத்தரிக்கோல் என் காதைத் தொட்டது. அவரும் சிரித்தார், வீங்கின கண்ணைப் பொத்திக்கொண்டு. நான் அழுதேன். தலையை ஆட்டாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரியும். முடி விழுந்து கண் கரிக்கிறது என்று நீங்களே ஒரு காரணத்தைச் சொல்லி, துணியால் என் முகத்தைத் துடைத்து விட்டீர்கள்.

அண்ணை, இப்போதும் ஊரில் ஏதாவது நடந்தால் மதகடியில் கூட்டம் கூடுகிறது. இப்போதும் வான்கள் வருகின்றன. "தம்பி, கண்டனீரோ?" என்று கேட்கிறார்கள். என் வாய் பழைய வாய்தான், கதை கதையாய் ஊறி நிற்கும். ஆனால் அந்த நேரம் பிடரியில் ஒரு கை வந்து வைத்தமாதிரி இருக்கும். "நான் காணேல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். நகரத்திலேயே செய்திக்கு உதவாத பொடியன் இப்போது நான்தான். அதற்கு நன்றி. அன்று என் முதுகின் மேல் கிடந்த உங்கள் உடம்புக்கு நன்றி. திங்கட்கிழமைகளுக்கும் நன்றி.

இனி இரண்டு உண்மை. உங்களிடம் மட்டும்.

ஒன்று, மீசை விஷயம். மழித்து முடிந்து பிளேட்டைப் பார்த்தேன். ஒரு மயிரும் இல்லை. வெட்டு மட்டும்தான் உண்மை.

இரண்டாவது, பொலிஸ் நிலையம். நான் முழங்கியதாக உங்கள் கடையிலேயே, உங்களுக்கு முன்னாலேயே எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தரமும் நீங்கள் கத்தரிக்கோலை நிறுத்தாமல், "ஓம் ஓம், பொடியன் விளாசினவன்" என்றீர்கள். உங்கள் செத்தவீட்டிலும் அதையே சொன்னேன். பக்கத்தில் ஹனிபா நானா இருந்தார். எல்லாம் தெரிந்தவர். எனக்குத் தேத்தண்ணியை நீட்டினார்.

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அண்ணை. பெரிய ஐயா என்னைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உங்கள் சவரக்கடைச் சிங்களத்தில், கை நடுங்க நடுங்க, முழுவதையும் சொன்னது நீங்கள்தான். கடைசியாக அவர் என்னைக் காட்டி, இவன் சொன்னது பொய்தானா என்று கேட்டார். நான் செய்தது ஒருமுறை தலையாட்டியது மட்டும்தான். அப்போதும் உங்கள் கை என் பிடரியில் இருந்தது. ஆடியது என் தலையா, ஆட்டியது உங்கள் கையா என்று இன்றைக்கும் எனக்குச் சத்தியம் பண்ணிச் சொல்ல ஏலாது.